பிரித்து வைக்கும் துவக்கு

ஒக்ரோபர் 5, ஞாயிறு

ஒக்ரோபருக்குப் பொருந்தாத வெயில். ஹீற்றரின் காற்று வடிகட்டி மாற்ற வேண்டிய நாள். புதியதை எடுத்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். நடுப்படியில் நின்றுவிட்டேன்.

சத்தம். இரும்பு இரும்போடு பொருந்தும் சத்தம். முதலில் புரி சுற்றும் கரகரப்பு, பிறகு ஒரு சின்ன 'டிக்'. சற்று அமைதி. கழற்றுதல். மறுபடி பொருத்துதல்.

நிமலன்தான். சலவை மெஷினுக்கு மேல் துவாய் விரித்திருந்தான். அதில் கறுப்புப் பிளாஸ்ரிக் பின்பிடி ஒன்று, முழங்கை நீளம்கூட வராத குழல், நடுப்பகுதி. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. கண் சுவரில். கைகள் தம்பாட்டில் வேலை செய்தன.

"உது என்னடா?"

திடுக்கிடவில்லை. "கேம்பிங் சாமான் அப்பா. டேக்டவுன் ரைபிள். ட்வென்ரி-ட்டூ. கழட்டி எல்லாத்தையும் இந்தப் பிடிக்குள்ளயே வைக்கலாம். தண்ணிக்குள்ள விழுந்தாலும் மிதக்கும்."

"லைசன்ஸ்...?"

"இருக்கு. அது எப்பவோ எடுத்தது. பயப்பிடாதேங்கோ."

"சாப்பிட்டியோ?" என்றேன்.

"ஓம்."

மேலே வந்து கதிரையில் இருந்த பிறகுதான் உறைத்தது. அம்மாவும் யோகனிடம் இதைத்தான் கேட்டா. இதே சொல். இதே மாதிரி உள்ளே வராமல் எட்டி நின்றுகொண்டு.

வடிகட்டி மாற்றவில்லை. கையிலேயே கொண்டு வந்துவிட்டேன்.


ஒக்ரோபர் 6, திங்கள்

இன்றும் சூடு. ஜன்னல்கள் திறந்தபடி.

யோகன் என் தம்பி. அவனைப் பற்றி இந்தக் கொப்பியில் நான் எழுதுவதில்லை. இன்று எழுதாமல் முடியாது போலிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். சாரத்தில் சுற்றிய பொதி, உள்ளே இயக்கத்துத் துவக்கு. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தபடி கழற்றுவான், பூட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகினான். விறாந்தையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஐயாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. ஒருவரும் அது என்ன என்று கேட்கவில்லை. பிறகொரு காலை செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தான். வெளிக்கிடுகிறவனிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெடும். எங்கள் வீட்டில் அது இறுக்கமான பழக்கம். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை. ஆகையால் திவசத்துக்கு நாளும் இல்லை.

நேற்று முதல் அவன் கீழ்ப்படியில் இருக்கிறான். கண்ணால் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். இருக்கிறான் என்பது தெரிகிறது. வயது இருபதைத் தாண்டவில்லை. எனக்கு எழுபத்திநான்கு. இது கிழட்டு மூளையின் வேலையாகவும் இருக்கலாம். பிரஷர் குளிசை விட்டுப்போனதா என்று பெட்டியைப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை.

பின்னேரம் மோலில் நண்பன் கனகு. வழக்கமான மேசை.

"என்ன ஐசே, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

சொன்னேன்.

"நிமலனோ? பூனை குறுக்கால போனாலே பிரேக் அடிச்சுப்போட்டு இறங்கிப் பாக்கிற பெடியன். அவன் எதை ஐசே சுடப்போறான்?"

"கேம்பிங்குக்காம்."

"அப்ப உம்மையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும். உம்மட முகத்தைக் கண்டா மான் தானா வந்து ஆறுதல் சொல்லும்."

சிரித்தேன். அவனும் சிரித்தான். தேத்தண்ணி ஆறிப்போனது.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி மட்டும். அவன் எதைச் சுடப்போகிறான்?


ஒக்ரோபர் 7, செவ்வாய்

மழை. குடை, தொப்பி, பஸ் அட்டை. இரண்டு பஸ் மாறி வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெளிவில்லை. தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்த காலத்துப் பழக்கம்: ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதை அளக்க முடியாது.

கவுண்டரில் ஒரு நரைத்த வெள்ளைக்காரப் பெண். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பெயரைக் கேட்பாள், அடையாள அட்டை கேட்பாள் என்று நினைத்து அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் கேட்கவில்லை.

நிமலன் சொன்ன பெயரைச் சொன்னேன். நல்ல சாமான் என்றாள். முதுகுப்பையில் கொண்டு போகலாம். பாரமில்லை. வழி தவறியவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்க. காட்டுக்கோழி, முயல், அணில்.

"கரடி?" என்று கேட்டேன்.

சத்தமாகச் சிரித்தாள். கரடியை இதனால் சுட்டால் அதற்குக் கோபம் மட்டும்தான் வருமாம். இதில் போடும் ரவை அவ்வளவு சின்னது. "ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கக் கூடாது, சேர். மனிதருக்கு இது போதும்."

பாதுகாப்புக்காகச் சொன்ன வார்த்தை. எல்லோருக்கும் சொல்வாள் போல.

"உங்களுக்கா?"

"மகனுக்கு."

"யாரோடு போகிறார்? தனியாகவா?"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குடை அங்கேயே. திரும்பிப் போய் எடுக்கத் தைரியம் வரவில்லை. நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.


ஒக்ரோபர் 8, புதன்

மழை விட்டது. குளிர் தொடங்கிவிட்டது.

நிமலன் இன்று முழுக்கப் பேஸ்மென்ற் துப்புரவு. மே மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறான். மனைவியைப் பிரிந்த பிறகு வந்தவன், கொண்டு வந்த பெட்டிகளைக்கூடத் திறக்கவில்லை. இன்று எல்லாப் பெட்டியும் மடித்துக் குப்பைக்கு. கட்டில் விரிப்பு தோய்த்து மடித்து. வேலைக்கு நீண்ட லீவு என்கிறான். லீவா, விட்டுவிட்டானா தெரியாது.

சைக்கிளை மகள் வாணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பிள்ளைகள் ஓடட்டுமாம். வாணி மோர்னிங்சைட் வீட்டிலிருந்து போன் பண்ணினாள், சந்தோசமாக. "அண்ணா இப்ப கொஞ்சம் தெளிவா இருக்கிறான் போல அப்பா. சிரிச்சுக் கதைச்சவன்."

ஓம். தெளிவாகத்தான் இருக்கிறான். அதுதான் பயம்.

வெள்ளிக்கிழமை வடக்கே போகிறானாம். லோங் வீக்கெண்ட். தனியாக.

அவன் கடைக்குப் போன நேரம் கீழே இறங்கிப் பார்த்தேன். முதுகுப்பை கட்டியாயிற்று. உள்ளே பின்பிடி, ஒரு பெட்டி ரவை, தண்ணீர்ப் போத்தல், ஒரு சுவெட்டர். கூடாரம் அலுமாரி மேல் தட்டில் அப்படியே. படுக்கும் பை அப்படியே. அடுப்பு, சட்டி, கத்தி ஒன்றும் எடுக்கப்படவில்லை.

ஒக்ரோபர் குளிரில் கூடாரமில்லாமல் கேம்பிங்.

மேலே வந்து கேள்விகளை எழுதிப் பார்த்தேன்.
– நிமலன், கூடாரம் எடுக்கேல்லையோ?
– நிமலன், நானும் வரட்டோ?
– நிமலன், நீ ஏதும்

மூன்றாவது முடியவில்லை. வினைச்சொல் வரவில்லை. எழுதவே முடியாததை எப்படிச் சொல்வது?

இராச்சாப்பாடு: புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மிளகாய்.

"குழம்பு நல்லாயிருக்கு அப்பா."

"உப்புக் கொஞ்சம் குறைவோ?"

"இல்லை. சரியா இருக்கு."

இவ்வளவுதான் பேசினோம். மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தேன். ஏன் மூன்று என்று அவன் கேட்கவில்லை. சரசு போன பிறகு நான் இப்படிச் செய்வதுண்டு, தன் அம்மாவுக்கு வைத்ததென்று நினைத்திருப்பான். அது சரசுவுக்கு வைத்ததல்ல.


ஒக்ரோபர் 9, வியாழன்

வெயில், ஆனால் கடும் குளிர். வடைக்கு உளுந்து ஊறப்போட்டேன்.

நிமலன் குளிக்கும்போது கீழே போனேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்பிடியின் அடிமூடி ரப்பர். இழுத்தால் வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் அளவாகக் குடைந்த இடம். குழல் ஒன்றில், நடுப்பகுதி ஒன்றில், மகசின் ஒன்றில். நல்ல வேலைப்பாடு. இடைவெளி விடாமல் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்திலும் கை விளிம்பைத் தடவிப் பார்த்தது. பழைய தொழில் விடாது.

எண்ணெய் மணம். யோகனின் அறை மணம். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி முதுகு கூசியது. திரும்பவில்லை.

மகசினை எடுத்தேன். ரவை நிரப்புகிற கூடு அது. அது இல்லாமல் துவக்கு வெறும் தடி. மற்றதைத் தொடவில்லை. மூடியைப் பழையபடி அழுத்தினேன். பாரத்தில் வித்தியாசம் தெரியாது.

இப்போது சாமித் தட்டில், திருநீற்று டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

செய்தது சரியா? தெரியவில்லை. உண்மையாகவே முயல் சுடப் போகிறான் என்றால்? வழி தவறிப் பசியோடு திறந்து பார்த்து, ஒரு துண்டு இல்லை என்றால்? நாற்பத்தொரு வயது மகனின் பையில் கை வைத்திருக்கிறேன். கேட்க முடியாத கோழை களவெடுக்கிறான்.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுவிடுவேன்.

பிறகு: கேட்கவில்லை. ரீவியில் ஹொக்கி பார்த்தோம். யார் வென்றார்கள் என்று தெரியாது.


ஒக்ரோபர் 10, வெள்ளி

தெளிந்த வானம். புல்லில் உறைபனி.

காலையில் வெளிக்கிட்டான். பை தோளில். நான் வடைப் பார்சலைக் கொடுத்தேன், தட்டை வடை, பழுதாகாது.

"இவ்வளவோ? எனக்கு மட்டும்தானே."

"வச்சுச் சாப்பிடு."

சப்பாத்து லேசைக் கட்டினான். கதவைத் திறந்தான். ஒரு கால் வாசலுக்கு வெளியே. எங்கே போகிறாய் என்று வாய்வரை வந்தது. ஆனால் படியில் கால் வைத்துவிட்டான். அந்த நேரத்தில் கேட்டால், நான் எதைப் பயப்படுகிறேனோ அதை நானே கூப்பிட்டு விட்டவன் ஆவேன். அப்படித்தான் தோன்றியது. நான் விஞ்ஞானப் பட்டதாரி. இந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல். அப்படியிருந்தும்.

"கவனமாப் போட்டு வா அப்பன்."

"ஓம் அப்பா."

என் தோளில் கை வைத்தான். வழக்கமாகத் தட்டிவிட்டு ஓடுபவன். இன்று வைத்தபடி நின்றான். நான் அவனுடைய சேர்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் தெருமுனையில் வலப்பக்கம் திரும்பியது.

மகசின் என்னிடம் இருக்கிறது. அது என்னிடம் இருக்கிறது. அது போதும்.


ஒக்ரோபர் 11, சனி

முகில். நூலகம் திறந்ததும் போனேன். பொதுக் கொம்பியூட்டரில் அந்தத் துவக்கின் கைநூல் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சீனப் பெண் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். திரையைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன்.

எச்சரிக்கைப் பகுதியில், தடித்த எழுத்தில்: மகசினைக் கழற்றிவிட்டதால் துவக்கு பாதுகாப்பானதாகிவிடாது. மகசின் இல்லாமலும் ஒவ்வொரு ரவையாக இட்டுச் சுடலாம்.

ஒவ்வொரு ரவையாக.

முயலுக்குப் பல வேண்டும். இதற்கு ஒன்று போதும்.

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. வாணிக்குப் போன் பண்ணினேன். பிள்ளைகளைப் புருசனோடு விட்டுவிட்டு உடனே வந்தாள். எல்லாம் சொன்னேன். சைக்கிள், கூடாரம், மகசின்.

"அப்பா, அண்ணா தன்னை ஏதும் செய்துபோடுவானெண்டோ நினைக்கிறீங்கள்?"

ஓமென்று தலையை ஆட்டினேன்.

"எப்ப இருந்து?"

"ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயிற்றுக்கிழமையோ! ஆறு நாளா மனசுக்குள்ள வச்சுக்கொண்டு வடை சுட்டனீங்களோ? ஏன் அவனைக் கேக்கேல்லை? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கீழே ஓடிப்போய் அவனுக்குப் போன் அடித்தாள். மணி கீழேயே கேட்டது. தலையணைக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பொலிசுக்கு அடிக்க வெளிக்கிட்டாள். என் கை அவள் கையைப் பிடித்தது. "வேண்டாம் பிள்ளை. துவக்கு எண்டு சொன்னா அவனைச் சுட்டுப்போடுவாங்கள்."

"அப்பா, கையை விடுங்கோ."

விட்டேன்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். பொறுமையாகக் கேட்டாள். வயது, உயரம், கார். கார் இலக்கம் எனக்கு மனப்பாடம், சொன்னேன். மருந்து, குடிப்பழக்கம். பிறகு: எங்கே போனார்?

வாணி என்னைப் பார்த்தாள்.

"வடக்கே" என்றேன்.

வடக்கே எங்கே? எந்தப் பூங்கா? எந்த ஏரி?

வடக்கே என்பது ஒரு நாட்டின் அளவு. எல்லாம் தெரிந்தவன், கார் இலக்கம்வரை தெரிந்தவன், அதை மட்டும் கேட்கவில்லை.


ஒக்ரோபர் 12, ஞாயிறு

சாம்பல் வானம். காற்று. மேப்பிள் இலை முழுக்க முற்றத்தில்.

தகவல் இல்லை. நெடுஞ்சாலைகளில் காரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். வாணி இங்கேயே தங்கிவிட்டாள். அவனுடைய லப்ரொப்பைத் திறக்கப் பார்த்தாள், பாஸ்வேர்ட். அவனோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அடித்தாள். ஒருவருக்கும் தெரியாது. அவன் முந்தி எங்கெல்லாம் போனவன் என்று என்னைக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று கையசைத்திருக்கிறேன். ஒரு ஊரின் பெயரும் தெரியாது.

கனகு போன் பண்ணினான்.

"என்ன ஐசே, நாளைக்குத் தேங்ஸ்கிவிங்குக்கு வான்கோழியோ, இல்லாட்டி பெடியன்ர முயலோ?"

"பிறகு எடுக்கிறன்."

"என்ன குரல் ஒரு மாதிரி?"

வைத்துவிட்டேன்.

பகல் முழுக்கக் கீழே சத்தம். புரி சுற்றுகிறது. டிக். வாணிக்குக் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டேன், "உனக்கு ஏதும் கேக்குதோ?" ஹீற்றர் என்றாள். ஹீற்றராக இருக்கலாம். நான் அப்படி எழுதி வைக்கிறேன்: ஹீற்றர்.

படியின் மேல் நின்று பார்த்தேன். அரைவெளிச்சம். கீழ்ப்படியில் அவன் இருக்கிறான், முழங்காலைக் கட்டிக்கொண்டு. முகம் யோகனுடையதா நிமலனுடையதா என்று பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே நெற்றி. நிமலன் பிறந்தபோது, படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கடிதத்தில் எழுதியிருந்தா: எங்கட சின்னவன் திரும்பி வந்திட்டான். அந்த வரியை நான் சரசுவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அரிசி: ஒரு சுண்டு போட்டேன். ஒருவரும் சாப்பிடவில்லை.


ஒக்ரோபர் 13, திங்கள். தேங்ஸ்கிவிங்

தூறல். அடுத்த வீட்டில் வான்கோழி வேகும் மணம், பிள்ளைகளின் சத்தம்.

வந்துவிட்டான்.

இதை முதலில் எழுத வேண்டும். வந்துவிட்டான். மத்தியானம் கழிந்து. கார் சத்தம் கேட்டதும் வாணி வெறுங்காலோடு ஓடினாள். நான் எழும்பவில்லை.

வாசலில் அவள் அவனை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு அழுதாள். "எருமை! எருமை! போனை வச்சிட்டோ போறது!" அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான். தாடி. கண் வீங்கி. அவளே பொலிசுக்குச் சொன்னாள், ஆள் வந்துவிட்டான் என்று. பிறகு சோறு சூடாக்கக் குசினிக்குள் போனாள். சட்டிகளை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

அவன் எனக்கு முன்னால் இருந்தான். பையிலிருந்து பின்பிடியை எடுத்து மேசையில் வைத்து, அடிமூடியை இழுத்தான். வெறுமையான இடத்தை விரலால் காட்டினான்.

"இது எங்க அப்பா?"

சாமித் தட்டிலிருந்து எடுத்து வந்து வைத்தேன்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"நீ குளிக்கேக்கை."

"இது இல்லாட்டிலும் சுடலாம். தெரியுமோ?"

"இப்ப தெரியும். சனிக்கிழமை லைப்ரரியில வாசிச்சனான்."

மூக்கால் சின்னதாக ஒரு சிரிப்பு. "லைப்ரரியில."

குழாய்த் தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் கேட்டேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"வேட்டைக்கோ போனனி?"

"இல்லை அப்பா."

பிறகு அவனாகவே சொன்னான். ஏதோ ஒரு ஏரிக்கரை. கார் நிறுத்துமிடத்தில் வேறு ஒருவரும் இல்லை. வெள்ளி பின்னேரம். "இதைத் திறந்தன். மற்றதெல்லாம் அந்தந்த இடத்தில இருந்துது. இது மட்டும் இல்லை. எனக்கு முதலே ஆரோ அதுக்குள்ள வந்து இருந்திட்டுப் போன மாதிரி. நீங்கள்தான் எண்டு உடன விளங்கிச்சுது. வேற ஆர் மூடியை இவ்வளவு நேரா மூடுவினம்? அதுக்குப் பிறகு... ஐ குடின்ற். ஏலாமப் போச்சு. கார் சீற்றில படுத்தன். வடையைச் சாப்பிட்டன். அழுதன். திரும்ப வரவும் வெக்கமா இருந்துது."

நான் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் சும்மா இருந்தன.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை அப்பா?"

"படியில காலை வச்சவனிட்டை எங்க எண்டு கேக்கக் கூடாது."

"அப்ப அதுக்கு முதல் நாள்? ஹொக்கி பாக்கேக்கை?"

நான் மகசினை அதன் இடத்தில் வைத்து மூடியை அழுத்தினேன்.

வாணி சோறு கொண்டு வந்து வைத்தாள். மூன்று கோப்பை. மூன்று பேர்.

பின்பிடியையும் ரவைப் பெட்டியையும் அவனே என் பக்கம் தள்ளினான். "இது இனி இந்த வீட்டில இருக்க வேண்டாம்."


ஒக்ரோபர் 14, செவ்வாய்

வெயில். உள்ளே குளிர்.

துவக்கை ஒப்படைக்கப் பொலிசைக் கூப்பிட வேண்டும். தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அவர்கள்தான் வந்து எடுக்க வேண்டும். வாணி அடிக்கிறேன் என்றாள். வேண்டாம், வீடு என்னுடையது, நான் அடிக்கிறேன் என்றேன். வாழ்நாளில் என் வாயால் பொலிசைக் கூப்பிட்டதில்லை. என் வீட்டில் துவக்கு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. ஊரில் இந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அந்தத் தெருவே இருந்திராது. எழுதி வைத்துத்தான் வாசித்தேன். மறுமுனையில் இருந்தவர், ஆறுதலாகச் சொல்லுங்கள் சேர் என்றார்.

காத்திருந்த நேரம் செய்தவை: முகம் மழித்தேன். முழுக்கைச் சேர்ட். எல்லோருடைய குடியுரிமை அட்டை, கடவுச்சீட்டு, சாரதிப் பத்திரம், சரசுவின் மரணப் பத்திரம்வரை மேசையில் வரிசையாக அடுக்கினேன். வாணி பார்த்துவிட்டு என் கொலரைச் சரி செய்தாள்.

இரண்டு பேர். ஒரு பெண், ஒரு இளைஞன். சப்பாத்தோடு வரலாம் என்று நான் சொல்லியும் அந்தப் பெண் வாசலிலேயே கழற்றிவிட்டாள். நீலக் காலுறை. பத்திரங்களைப் பார்த்து, இதெல்லாம் தேவையில்லை சேர் என்றாள். நான் அவற்றை எடுக்கவில்லை. கை எடுக்க விடவில்லை.

இளைஞன் துண்டுகள் எல்லாவற்றையும் ரவைப் பெட்டியையும் சரிபார்த்துப் பையில் போட்டான். ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன் நிமலன் சொன்னான். ஆங்கிலத்தில். சுற்றி வளைக்காமல். எதற்காக வாங்கினான், எதற்காகக் கொண்டு போனான். எட்டாம் திகதி நான் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட வசனம். அவன் அதற்கு வினைச்சொல் வைத்தே சொன்னான். கூரை இடிந்து விழவில்லை.

அந்தப் பெண் அவனுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தாள். அவசரப்படவில்லை. எந்த நேரமும் அழைக்கக்கூடிய இலக்கம் ஒன்று கொடுத்தாள். பின்னேரம் வாணி குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போனாள். தொடர்ந்து போக வேண்டும். மருந்தும் உண்டு.

பிள்ளைகள் வைத்தியரிடம் போன பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். துவாய் மட்டும். துவக்கு போய்விட்டது. சத்தம் போகவில்லை. நாற்பது வருடமாகக் கேட்பது, பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போகக்கூடியதல்ல. யோகன், நீ எங்கே போனாய் என்று கேட்டேன். சத்தமாகவே. சலவை மெஷினைப் பார்த்து.

நிமலன் வைத்தியரிடமிருந்து வந்து குசினி மேசையில் இருந்தான். தேத்தண்ணி வைத்தேன். எதிரே இருந்தேன். பொத்தானைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன்.

"இப்பவும் சாக வேணும் எண்ட நினைப்பு வருதோ?"

அவன் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வருது. இண்டைக்குக் குறைவு."

"சரி."

"நாளைக்கும் கேளுங்கோ அப்பா."


ஒக்ரோபர் 15, புதன்

நல்ல குளிர். கார்க் கண்ணாடியில் உறைபனி. விடிந்ததும் கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

கேட்டேன்.